சால்வையோடு வந்தவர்கள்

அந்த நாற்காலி வேண்டாம், தோழர். அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வந்து உட்காருங்கள். வெளிச்சத்தில் உட்காருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். முகம் தெரியும்.

மாவட்டக் குழுவுக்குப் புதிதாக வந்திருப்பதாகச் சொன்னீர்கள். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தீர்கள். நல்லது. யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நகராட்சித் தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாளே ஒருவர் பஸ் ஏறி ஆலங்கரைக்கு வருகிறார், பரஞ்சோதி வீடு எது என்று விசாரிக்கிறார், வந்து உட்கார்ந்து சும்மா வந்தேன் என்கிறார். பையை மடியை விட்டு இறக்கவில்லை. சும்மாதான் வந்திருப்பார். உலகத்தில் சும்மா வருகிறவர்களும் இருக்கத்தானே வேண்டும். நான் இதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆவுடை, இரண்டு காபி. விருந்தாளி வந்திருக்கிறார்.

என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, கேட்டிருப்பீர்கள். பரஞ்சோதி எல்லோரையும் சந்தேகப்படுவான் என்று. தவறு. நான் சந்தேகப்படுவதில்லை. கவனிக்கிறேன். பள்ளிக்கூடம் எனக்குப் பாதியோடு முடிந்தது. மற்றதெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தேன். துண்டுப்பிரசுரம் படித்தவனுக்கு ஒரு பழக்கம் வரும். எதைப் படித்தாலும் கடைசி வரிக்குப் போய் அச்சிட்டவர் யார் என்று பார்ப்பான். மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்ப்பேன். பேசுகிறவர் பேசட்டும், அச்சிட்டவர் யார்?

போன தேர்தலில் இந்தக் கட்சி தன் வேட்பாளரை மாற்றப் பார்த்தது. கேள்விப்பட்டீர்களா? தலையாட்டுகிறீர்கள். வக்கீல் தில்லைநாயகம் சொல்லியிருப்பார். அவர் மாவட்டச் செயலாளர், அவருக்கு அவர் கதை. நடந்ததை நடந்தவன் வாயால் கேளுங்கள். தலைவர் பதவிக்கு நிற்கிறவனை ஒரு கட்சியால் ஏன் மாற்ற முடிவதில்லை என்பதற்கு இதைவிடப் பாடம் கிடையாது. உங்கள் மாணவர்களுக்கும் சொல்லலாம்.

நகராட்சித் தலைவரை மக்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. எதிரே ரைஸ்மில் சண்முகவேல். அவர் ஜெயித்தால் தினசரிச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்டுவார் என்பது ஊருக்கே தெரியும். வரைபடமே அவர் மில்லில் மாட்டியிருந்தது. சந்தைக் கடைக்காரர்களுக்கு அதுதான் வாழ்வா சாவா. ஆனால் அந்த வருஷம் இரண்டு பெரிய கட்சியிலும் சொந்த ஆளை எதிர்த்துச் சொந்த ஆளே நின்றான். ஓட்டு நாலாகச் சிதறும். சந்தை மொத்தமும் ஒரு பக்கம் நின்றால் நம் உழைப்போர் கழகம், மண்வெட்டிச் சின்னம், இந்த ஊரில் முதல் முறையாக ஜெயிக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

சரி, நிற்பது யார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது. நகரத் தலைவர் நான். இந்தக் கட்சிக்குச் சந்தை வாசலில் முதல் கொடியை நட்டவன் நான். பெயர் எழுதி அனுப்பினேன், வேட்புமனு போட்டேன்.

அதன் பிறகுதான் ஒரு வார்த்தை காதில் விழ ஆரம்பித்தது. செல்வாக்கு இல்லையாம். பரஞ்சோதிக்குச் சந்தையில் செல்வாக்கு இல்லையாம். எனக்கு, சந்தையில்.

அந்தச் சந்தையை ஒரு நாள் முழுக்க மூடிக் காட்டியவன் நான், தோழர். தென்னமெரிக்காவில் ஒரு துறைமுகத்தில் தொழிலாளிகளைச் சுட்டார்கள். செய்தி படித்த அன்றே கடையடைப்பு அறிவித்தேன். மறுநாள் பொங்கலுக்கு முந்தின நாளாக இருந்தது. அது என் குற்றமா? சுட்டவன் நாள் பார்த்தா சுட்டான்? கரும்பும் மஞ்சள்கொத்தும் லாரி லாரியாக வந்து இறங்கிக் கிடந்தன. ஒரு கடை திறக்க விடவில்லை. வாசலில் நானே படுத்தேன். பொங்கலன்று மத்தியானம் அந்தக் கரும்பை மாடு தின்றது. ‘கசக்கட்டும் கரும்பு’ என்று நான் எழுதிய பிரசுரம் இன்னும் ஒரு கட்டு உள்ளே இருக்கிறது, போகும்போது தருகிறேன். அப்படி ஒரு தியாகத்தை அந்த மக்களைச் செய்ய வைத்தவனுக்குச் செல்வாக்கு இல்லையா? இன்றைக்கும் தை பிறந்தால் சந்தைக்காரர்களில் என் பேரைச் சொல்லாத ஆள் இல்லை. என் காதுபடவே சொல்வார்கள்.

மாற்று வேட்பாளர் என்று ஒரு ஏற்பாடு உண்டு, தெரியுமா? டம்மி என்பார்கள். நம் மனுவை ஏதாவது கோளாறு சொல்லித் தள்ளிவிட்டால் சின்னம் அநாதையாகிவிடக் கூடாது என்று கட்சி இன்னொருவரையும் மனுப் போட வைக்கும். நம் மனுவை ஏற்றுக்கொண்டால் டம்மி வாபஸ் வாங்கிவிட வேண்டும். நாம் விலகினாலும் டம்மிதான் வேட்பாளர். அதனால் டம்மியைப் பொறுக்குவதில்தான் புத்தி இருக்கிறது. பெரிய கட்சிக்காரன் பெண்டாட்டியைப் போடுவான், டிரைவரைப் போடுவான். ஆசை வராத ஆளாகப் பார்த்துப் போட வேண்டும். மனுவில் கையெழுத்து வாங்கும்போதே வாபஸ் கடிதத்திலும் கையெழுத்து வாங்கி நாம் வைத்துக்கொள்ள வேண்டும். முன்மொழிந்தவர் என்று நாமே போட்டுக்கொண்டால் கடிதத்தை நாமே கொடுத்துவிடலாம்.

நகரக் குழுவில் ஆறு பேரையும் ஒவ்வொருவராக எடைபோட்டுப் பார்த்தேன். எல்லோர் கண்ணிலும் நாற்காலி தெரிந்தது. அதனால் செண்பகவடிவைப் போட்டேன். சந்தையில் வாழையிலைக் கடை. வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர். ஒரு பிரசுரம் எழுதத் தெரியாது, மேடையில் ஐந்து நிமிடம் பேச வராது. ஆபத்தில்லாத பெண்.

கையெழுத்துப் போடும்போது கேட்டாள். “அண்ணாச்சி, டம்மின்னா நான் என்ன செய்யணும்?”

“ஒன்றும் செய்ய வேண்டாம்.”

“அதுக்கு நான் எதுக்கு? சும்மா இருக்கதுக்கு எங்க சந்தையில எத்தன ஆம்பிளைய இருக்காங்க.”

தேர்தல் அலுவலகத்துக் குமாஸ்தா கூடச் சிரித்துவிட்டான். வாய் உண்டு. கொள்கை கிடையாது.

ஓட்டுக் கேட்க என்னோடு வருவாள். தெருவில் பெண்கள் தூரத்திலேயே கூப்பிடுவார்கள். “செண்பகக்கா, நீயா நிக்கே? இந்த வட்டம் உனக்குத்தான்.” வட்டம் என்றால் எங்கள் ஊரில் தடவை. இவள் பேசாமல் ஒதுங்கி என்னைக் காட்டுவாள். என்னைக் கண்டதும் அவர்கள் முகத்தில் சட்டென்று ஒரு அமைதி வரும். சிரிப்பு நின்றுவிடும். சிலர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். ஒரு தலைவனுக்கு முன்னால் மக்களுக்கு ஏற்படும் மரியாதை அது. செண்பகத்திடம் அதை எடுத்துச் சொன்னேன். “ஆமா அண்ணாச்சி” என்றாள்.

மனுக்களை ஏற்றுக்கொண்ட அன்று சாயங்காலம் வக்கீல் தில்லைநாயகம் வந்தார். நீங்கள் உட்காரப் போனீர்களே, அதே நாற்காலி. அவர் ஆடியதில்தான் அந்தக் கால் போயிற்று.

“அண்ணாச்சி, உடம்பு எப்படி இருக்கு?” என்றார்.

“நன்றாக இருக்கிறது.”

“சர்க்கரை?”

“இல்லை.”

“பிரஷர்?”

“இல்லை. உமக்கு இருக்கிறதா?”

“எனக்கு இருக்கு” என்றார். வேர்த்துக் கொட்டியது. காபியை இரண்டு தடவை கையில் எடுத்து இரண்டு தடவையும் கீழே வைத்தார். “கட்சி நலன்னு ஒண்ணு இருக்கு பாத்தீங்களா. சில நேரம் மூத்தவங்க கொஞ்சம் ஒதுங்கி நின்னு வழிகாட்டினா…”

“வழிகாட்டத்தானே நிற்கிறேன்” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்றார். பிறகு எழுந்து, பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு வருகிற பழக்கம் நம் ஊரில் கிடையாதல்லவா. நான் அந்தக் காலத்தில் ‘சால்வை அடிமைத்தனம்’ என்று ஒரு பிரசுரமே எழுதியவன். ஆனால் கொண்டுவந்ததை வேண்டாம் என்றால் மனிதர் புண்படுவார். அந்த நேரம் பார்த்துப் படம் எடுக்கிற பாக்கியநாதன் தற்செயலாக வாசலில் நின்றான். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். மறுநாள் மாலைப் பத்திரிகையில் படம். ‘வேட்பாளர் பரஞ்சோதிக்கு மாவட்டச் செயலாளர் பொன்னாடை, வெற்றி உறுதி என நம்பிக்கை.’ அதற்கப்புறம் வக்கீல் தனியாக இந்தப் பக்கமே வரவில்லை. எப்படி வருவார்? படம் வந்துவிட்டதே.

எதற்கு வந்தார் என்கிறீர்கள்? அந்த இடத்துக்கு அவரே நிற்கலாம் என்று பார்க்க வந்தார். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

அடுத்து சந்தைக்காரர்கள். வேலாண்டி முன்னால் வந்தான், தேங்காய்க் கடை வைத்திருந்தவன். பின்னால் ஒரு கூட்டம், வீடு கொள்ளவில்லை. பத்திரிகையில் வக்கீலின் சால்வையைப் பார்த்துவிட்டு அதைவிட அகலமாக ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். ஒரு வாழைத்தாரும்.

“அண்ணாச்சி” என்றான் வேலாண்டி. “எங்க பொழப்பு இப்ப உங்க கையில இருக்கு.”

“இருக்கிறது.”

“அந்தக் கைய… கொஞ்சம்…” என்று நிறுத்தினான். பின்னால் நின்றவன் விலாவில் இடித்தான். “நீரே சொல்லும்வே” என்று இவன் திரும்பி முணுமுணுத்தான். “உம்மத்தான பேசச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கு” என்றான் அவன். வேலாண்டி மறுபடி என்னைப் பார்த்தான். “இவ்வளவு காலம் எங்களுக்காகப் பாடுபட்டுட்டீங்க. இனிமேலாவது எங்கள விட்டு…”

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், தோழர். “விடமாட்டேன்” என்றேன். “என் உயிர் உள்ள மட்டும் உங்களை விடமாட்டேன்.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவன் கை தட்டினான். ஒருவன் தட்டினால் மற்றவர்கள் தட்டாமல் நிற்க முடியுமா? எல்லோரும் தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். பாக்கியநாதன் படம் எடுத்தான். படியிறங்கும்போது வேலாண்டி தன் தலையில் தானே அடித்துக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உணர்ச்சிவசப்பட்டவன்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது இவள் கேட்டாள். என் மனைவி, ஆவுடையம்மாள். “அவங்க எதுக்கு வந்தாங்கன்னு தெரியுமா?”

“ஆதரவு தெரிவிக்க.”

“உங்கள நிக்க வேண்டாம்னு சொல்ல வந்தாங்க. வேலாண்டி பொண்டாட்டி குழாயடியில வச்சு எங்கிட்டச் சொன்னா. நீங்க வெலகி செண்பகம் நின்னா சந்தை மொத்தமும் அவளுக்குப் போடும். உங்களுக்குன்னா எனக்கே கை வராது.”

“கை வராதா?”

“வராது. எங்க அண்ணன் கரும்பும் அன்னைக்கு அதுலதான் கெடந்துச்சு. ரசம் ஊத்தவா?”

பாருங்கள், எதிரி எவ்வளவு நுட்பமானவன். முன்வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று குழாயடி வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டான். நான் அவளோடு வாதாடவில்லை. வீட்டிலிருக்கும் பெண்களுக்குப் புருஷன் பொதுவாழ்க்கையில் அலைகிறானே என்று ஒரு பயம் இருக்கும். அன்பு அது. வேறு எப்படிச் சொல்லத் தெரியும் அவர்களுக்கு?

ஆனால் உஷாரானேன். நகரக் குழுவைக் கூட்டினேன், மாவட்டச் செயலாளர் என்று வக்கீலும் வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டேன்.

“மிக்கேல் வாத்தியாரை உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் இந்த ஊரில் தலைவர். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் நான் சால்வையோடு போகவில்லை. கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, ‘சார், உங்களால் கட்சி தேய்கிறது, இறங்குங்கள்’ என்று சொன்னேன். மனிதர் அன்றே கட்சி அலுவலகச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பெயர் அரசியல் நேர்மை. அந்த நேர்மை உங்களுக்கு இருந்தால், நான் விலக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இப்போது கை தூக்குங்கள்.”

சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒருவர் கையை மற்றவர் பார்த்தார்கள். நீ தூக்கு, நான் தூக்குகிறேன் என்பது போல. முதலில் தூக்குகிறவன் கைதான் எனக்கு ஞாபகம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தூக்கி நான் விலகாவிட்டால் அவன் கதி என்ன? வக்கீலின் கை மேசையிலிருந்து மெதுவாகக் கிளம்பியது. தோள்வரை வந்தது. அங்கே நின்று காதைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது.

“ஏகமனதாக” என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வாபஸ் வாங்கக் கடைசி நாள் வந்தது. மத்தியானம் மூன்று மணிவரை நேரம். எனக்கு மனசு சரியில்லை. என் கையெழுத்தைப் போலப் போட்டு என் பெயரிலேயே வாபஸ் கடிதம் கொடுத்துவிட்டால்? நடக்காது என்பீர்கள். நடந்தபிறகு சொல்லி என்ன பிரயோஜனம்? அதனால் சாப்பிட்ட கையோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தேர்தல் அதிகாரியின் அறைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போகிறவன் ஒவ்வொருவன் கையிலும் என்ன காகிதம் இருக்கிறது என்று பார்த்தேன். செண்பகத்தின் வாபஸ் கடிதம் என் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

நான் அங்கே உட்கார்ந்திருக்கும் செய்தி எப்படியோ பரவிவிட்டது. முதலில் வேலாண்டி ஓடி வந்தான். என்னைப் பார்த்தான், நான் எந்த அறைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. “அண்ணாச்சி, நீங்க பெரிய மனுசன்” என்றான். ஓடிப்போய்ச் சந்தையில் சொன்னான். அவ்வளவுதான், கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்கள். ஆமாம், தானாகச் சாத்தினார்கள், நான் படுக்கவில்லை. காய்கறிக்காரர்கள், மீன்காரப் பெண்கள், குழு முழுவதும். வளாகம் நிறைந்து வேப்பமரத்தடிவரை கூட்டம். ஒருவர் கையில் மாலை, ஒருவர் கையில் லட்டுப் பெட்டி. என்னைப் பார்த்து இந்த ஊர் மக்கள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. ஒரு மீன்காரக் கிழவி என் கன்னத்தைத் தடவி, “இந்த மனசு யாருக்கு வரும்” என்றாள்.

இரண்டே முக்காலுக்குச் செண்பகவடிவு வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். கவனித்தேன். டம்மிக்கு எதற்குப் புதுச் சேலை?

எனக்கு எதிரே வந்து நின்றாள். “அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.”

“சொல்லு.”

கூட்டம் பேச்சை நிறுத்தியது. அறைக்குள்ளிருந்து தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

“நீங்க எங்களுக்கு நெறைய செஞ்சிருக்கீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா இந்த வட்டம்…” என்றாள். எந்தக் கடையின் முன்னால் நின்றும் வாயடைக்காதவள், என் முகத்தைப் பார்த்து வாயடைத்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் தரையைப் பார்த்தது. “இந்த வட்டம் நீங்களா ஒரு நல்ல முடிவு எடுப்பீங்கன்னு சந்தை நம்புது” என்று முடித்தாள்.

அந்த அமைதி வக்கீலுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. முன்னால் பாய்ந்து வந்து கையில் தயாராக வைத்திருந்த சால்வையைப் பிரித்து என்மேல் போர்த்திவிட்டார். அதற்குள் என்ன அவசரம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ‘தியாகச் செம்மல் பரஞ்சோதி வாழ்க’ என்று பின்னாலிருந்து குரல் எழும்பியது.

தியாகம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உறைத்தது. இவ்வளவு சந்தோஷம் எதற்கு? தேர்தல் இன்னும் நடக்கவே இல்லையே. டம்மி ஏன் புதுச் சேலையில் நிற்கிறாள்? புரிந்துவிட்டது, தோழர். மூன்று மணிவரை என்னைக் கோஷத்திலேயே மயக்கி வைத்துவிட்டு, அவளை வாபஸ் வாங்காமல் களத்தில் விட்டுவிட்டால்? என் ஓட்டை அவள் பிரிப்பாள், ரைஸ்மில் ஜெயிப்பான். இதை அச்சிட்டவன் யார்? சண்முகவேல்தான், வேறு யார். இந்த வெள்ளந்தி மக்கள் என்ன கண்டார்கள்.

“நல்ல முடிவு எடுக்கத்தான் வந்திருக்கிறேன்” என்றேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. உள்ளே போனேன். செண்பகத்தின் கடிதத்தை அதிகாரியிடம் நானே கொடுத்தேன். முன்மொழிந்தவன் என்ற முறையில். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “யோசிச்சுத்தான் குடுக்கீங்களா?” என்றார். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவரோ என்னவோ. ரசீது கேட்டு வாங்கினேன்.

வெளியே வந்து படியில் நின்று அறிவித்தேன். “தோழர்களே, மாற்று வேட்பாளர் விலகிவிட்டார். இனிக் களத்தில் நமக்கு ஒரே வேட்பாளர், நான்தான்.”

அழுதார்கள், தோழர். வேலாண்டி படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மீன்காரக் கிழவி மாரில் அடித்துக்கொண்டாள். வக்கீல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ தலைவர்களுக்குக் கூட்டம் கூடியதைப் பார்த்திருக்கிறேன், ஒரு வேட்பாளருக்காக ஒரு சந்தையே அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். செண்பகவடிவு மட்டும் அழவில்லை. மணிக்கூண்டைப் பார்த்தாள். மூன்று அடித்தது. “சரி அண்ணாச்சி, யாவாரத்தப் பாக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த லட்டுப் பெட்டியை யாரும் திறக்கவே இல்லை. நான்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

தேர்தல் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். டெபாசிட் போயிற்று. சதி. சந்தையே எனக்காக அழுதது, ஓட்டு மட்டும் எங்கே போகும்? பெட்டியில் ஏதோ நடந்திருக்கிறது. எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. ரைஸ்மில் ஜெயித்து நாலு மாதத்தில் சந்தையை இடித்தார். பஸ்ஸில் வரும்போது பார்த்திருப்பீர்களே, கண்ணாடி வைத்த கட்டடம். அதில் கடை எடுக்க நம் ஆட்களுக்கு ஏது வசதி? வேலாண்டி திருப்பூருக்குப் போய்விட்டான். செண்பகவடிவு பஸ் நிலையத்துச் சுவரோரம் சாக்கை விரித்து இலை விற்கிறாள். நான் போனால் எழுந்து நிற்கிறாள், இலை தருகிறாள், முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவ்வளவு மரியாதை.

இப்போது சுவரோரக் கடைகளையும் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள் இந்தத் தேர்தல் வந்துவிட்டது. சண்முகவேலின் பெயர் கெட்டுக் கிடக்கிறது, ஓட்டு மறுபடி சிதறப் போகிறது. நமக்குப் போன தடவையைவிட நல்ல காலம். நாளை மறுநாள் மாவட்டக் குழு கூடிப் பெயரை முடிவு செய்கிறது, உங்களுக்குத்தான் தெரியுமே. என் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். இல்லாவிட்டால் அந்த ஏழைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். நான் பதவிக்கு ஆசைப்பட்டவன் அல்ல. அன்றைக்கு ஒருவர், ஒரே ஒருவர், என் முகத்துக்கு நேரே, ‘பரஞ்சோதி, உன்னை மக்களுக்குப் பிடிக்கவில்லை, விலகு’ என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே விலகியிருப்பேன். மிக்கேல் வாத்தியார் வைத்தது போலச் சாவியை மேசையில் வைத்திருப்பேன். ஒருவர் சொல்லவில்லையே. கட்சி முழுக்க வந்தது, ஊர் முழுக்க வந்தது, ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. ஏன் வரவில்லை? உண்மை இல்லை, அதனால் வரவில்லை. ஒரு வேட்பாளரை ஏன் மாற்ற முடிவதில்லை என்று கேட்டால் இதுதான் விடை. சரியானவனை மாற்ற முடியாது.

நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். சொல்லுங்கள். தயங்க வேண்டாம். உங்களைப் பார்த்தால் நேர்மையானவராகத் தெரிகிறது, படித்தவர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மாவட்டக் குழு ஏதாவது சொல்லி அனுப்பியதா? வக்கீல் ஏதாவது? என்னிடம் யாரும் எதையும் சொல்லலாம். கதவு திறந்தே இருக்கிறது.

ஒன்றும் இல்லையா?

ஏன் எழுந்துவிட்டீர்கள், காபி வருகிறது. பையைத் திறக்கிறீர்கள். அட. இது எதற்கு, தோழர். இதெல்லாம் வேண்டாம் என்று பிரசுரமே எழுதியவன் நான். சரி, கொண்டுவந்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நானும் எழுந்துகொள்கிறேன். இந்தத் தோளிலும் இழுத்து விடுங்கள். நல்ல நெசவு. பாக்கியநாதனுக்குப் போன் பண்ணினால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவான்.

வா, ஆவுடை. காபியை அங்கே வை. இவர் மாவட்டக் குழு, கல்லூரி ஆசிரியர், சும்மா பார்க்க வந்திருக்கிறார்.

ஏன் அவரை அப்படிப் பார்க்கிறாய்?

“நீங்களும் சொல்லலியா, சார்?” என்கிறாள், கேட்டீர்களா. இவள் எப்போதும் இப்படித்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பீரோவில் இனிமேல் சால்வை வைக்க இடமில்லை என்று அவளுக்குக் கவலை.